அரியாலை முற்றத்தில் பழைய போர்ப்படங்கள்: தொடங்குபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இரண்டாம் உலகப்போரைப் பற்றி வந்த படங்களில் உலகம் மிக நன்றாக அறிந்த ஒன்று நம் நாட்டில் எடுக்கப்பட்டது. கிட்டுல்கலையில், களனி கங்கைக்குக் குறுக்கே, உண்மையாகவே ஒரு பாலம் கட்டி, உண்மையாகவே ஒரு ரயிலை ஓட்டி, 1957இல் அதைத் தகர்த்தார்கள். ‘தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்’ என்ற அந்தப் படத்தை அரியாலையில் இன்றைய இளையவர்கள் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? பெரும்பாலானோர் பெயரைக் கேட்டிருப்பார்கள், அவ்வளவுதான்.

இந்த வழிகாட்டி அவர்களுக்கானது. ஒரு வீட்டு முற்றத்திலோ, சனசமூக நிலையத்தின் விறாந்தையிலோ, மாதம் ஒரு படமாக ஆறு படங்கள் பார்ப்போம். சினிமா பற்றி ஏற்கெனவே எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை. பார்க்கவேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும்.

எவற்றைப் பார்க்கப்போகிறோம்?

1945க்கும் 1965க்கும் இடைப்பட்ட படங்கள். இந்தக் கால எல்லைக்கு ஒரு காரணம் உண்டு. அந்தப் படங்களை எடுத்தவர்களில் பலர் போருக்குள் இருந்தவர்கள். ‘பாலட் ஒஃப் எ சோல்ஜர்’ படத்தின் இயக்குநர் கிரிகோரி சுக்ராய் சோவியத் படையில் பரசூட் வீரராக இருந்து காயம்பட்டவர். குவாய் பாலத்தின் மூலநாவலை எழுதிய பியர் பூல் மலாயாவில் றப்பர்த் தோட்டத்தில் வேலைபார்த்தவர், போரில் கைதியாக இருந்தவர். பிற்காலப் படங்களில் தொழில்நுட்பம் கூடியிருக்கிறது, குண்டு வெடித்தால் காது அடைக்கிறது. ஆனால் போரிலிருந்து வீட்டுக்கு வந்த மனிதனின் அமைதியை இந்தப் பழைய படங்களில்தான் அதிகம் பார்க்கலாம்.

பார்க்கும்போது ஒரேயொரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்வோம்: இந்தக் கதையில் யார் விடுபட்டுப்போயிருக்கிறார்கள்? துப்பாக்கி வைத்திருப்பவனை எந்தப் படமும் காட்டும். வீட்டில் காத்திருந்தவள், பாதை வெட்டியவன், பெயர் இல்லாமல் புதைக்கப்பட்டவன் ஆகியோரைத் தேடிப் பார்ப்பதுதான் நம் வேலை. ஆறு படங்களின் வரிசையும் அதற்காகவே அமைந்திருக்கிறது.

முதல் மாதம்: அந்த நாள் (1954)

தமிழில் தொடங்குவோம். மொழி தடையாக இருக்காது, சப்டைட்டில் வேண்டாம், ஆச்சி அப்பு எல்லோரும் கூட இருந்து பார்க்கலாம். ஏவி.எம். தயாரித்து, வீணைக் கலைஞரான எஸ். பாலச்சந்தர் இயக்கிய படம் இது. சிவாஜி கணேசனும் பண்டரிபாயும் நடித்தது. பாட்டே இல்லாத முதல் தமிழ்ப்படம். ஏறத்தாழ 130 நிமிடம்.

1943 ஒக்டோபரில் ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு போட்டதற்கு மறுநாள் காலை, ஒரு ரேடியோ எஞ்சினியர் தன் வீட்டில் சுடப்பட்டுக் கிடக்கிறார். யார் சுட்டது என்று ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்ததைச் சொல்கிறார்கள். இங்கே நிறுத்திக்கொள்கிறேன், முடிவைச் சொல்லிவிட்டால் படம் கெட்டுவிடும். ஒரே சம்பவத்தை நாலு பேர் நாலு விதமாகச் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டுப் பழக இதைவிட நல்ல பாடம் கிடையாது. போர் பற்றிய எந்தக் கதையையும் பிறகு நாம் அப்படித்தான் கேட்கவேண்டியிருக்கும்.

படத்துக்கு முன் இரண்டு வரிப் பின்னணி சொல்வோம்: 1942 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பிலும், 9ஆம் திகதி திருகோணமலையிலும் ஜப்பானியர் குண்டு போட்டார்கள். அந்தப் போர் நம் கரைக்கும் வந்துபோனது என்று தெரிந்தபின் படம் அந்நியமாகத் தெரியாது.

இரண்டாம் மாதம்: பாலட் ஒஃப் எ சோல்ஜர் (1959)

சோவியத் படம், கறுப்பு வெள்ளை, 88 நிமிடம்தான். அல்யோஷா என்ற 19 வயதுப் பையன் இரண்டு டாங்கிகளை அடித்து நிறுத்துகிறான். பதக்கம் தருகிறோம் என்கிறார் தளபதி. பதக்கம் வேண்டாம், அம்மாவைப் பார்த்து வீட்டுக் கூரையைத் திருத்திவிட்டு வர லீவு தாருங்கள் என்கிறான் பையன். பிறகு படம் முழுவதும் அவன் ரயில் ஏறி ஏறி வீட்டுக்குப் போகப் பார்ப்பதுதான்.

முதல் தடவை பிறமொழிப் படம் பார்ப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. பேச்சு குறைவு, கதை நேர்கோட்டில் போகிறது, நீளமும் குறைவு. லீவில் வீடு வந்து போன பிள்ளைக்காகப் படலையடியில் நின்ற அம்மாக்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். அவர்களுக்கு எந்த விளக்கமும் தேவைப்படாது.

மூன்றாம் மாதம்: குவாய் பாலம் (1957)

இதுதான் நம் வரிசையின் நடுத்தூண், ஆகவே கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

டேவிட் லீன் இயக்கம். அலெக் கின்னஸ், வில்லியம் ஹோல்டன், செசூ ஹயகவா நடிப்பு. 161 நிமிடம். சிறந்த படம், சிறந்த இயக்குநர், சிறந்த நடிகர் உட்பட 7 ஒஸ்கார் விருதுகள். ஜப்பானியரின் கைதி முகாமில் இருக்கும் பிரித்தானியக் கேணல் நிக்கல்சன், தன் படையின் ஒழுங்கையும் பெருமையையும் காப்பாற்ற, எதிரிக்கு ஒரு நல்ல பாலத்தைக் கட்டிக்கொடுக்கத் தொடங்குகிறார். கட்டக் கட்ட, அது யாருக்கான பாலம் என்பதையே மறந்துவிடுகிறார். கடமை எப்படி ஒருவனின் கண்ணைக் கட்டும் என்பதைக் கின்னஸ் முகத்தாலேயே காட்டிவிடுகிறார்.

பார்க்கும்போது இடங்களையும் அடையாளம் காணலாம். ஆஸ்பத்திரியாக வருவது கல்கிசையின் மவுண்ட் லவினியா ஹோட்டல். பிரித்தானியப் படைத்தளமாக வருவது பேராதனைப் பூங்கா. உண்மையான போரிலும் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகம் 1944இலிருந்து பேராதனையில்தான் இருந்தது.

வரலாற்றைப் பொறுத்தவரை இந்தப் படத்தை அப்படியே நம்பக்கூடாது. உண்மையான பாலம் தாய்லாந்தின் காஞ்சனபுரிக்கு அருகில், மே குளோங் ஆற்றின்மேல் கட்டப்பட்டது. படம் புகழ்பெற்ற பிறகு, சுற்றுலாப் பயணிகளின் வசதிக்காக ஆற்றின் அந்தப் பகுதிக்கே குவே யாய் என்று பெயர் மாற்றினார்கள். அங்கே கைதிகளுக்குத் தலைமைதாங்கிய பிலிப் டூசி, நிக்கல்சனைப்போல எதிரிக்கு விரும்பி உதவியவர் அல்ல. ஜப்பானிய எஞ்சினியர்களும் படத்தில் காட்டுவதுபோலப் பாலம் கட்டத் தெரியாதவர்கள் அல்ல.

இவற்றையெல்லாம்விடப் பெரிய விடுபடல் ஒன்று உண்டு. சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீளமான அந்த ரயில்பாதை 1942–43இல் போடப்பட்டது. நேச நாட்டுக் கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர் அதில் வேலை செய்தார்கள், 12,000க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களைவிடப் பல மடங்கு ஆசியத் தொழிலாளர் அங்கே கொண்டுபோகப்பட்டனர். இறந்த ஆசியர் ஏறத்தாழ 90,000 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அவர்களில் பெருந்தொகையானோர் மலாயாவின் றப்பர்த் தோட்டங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட தமிழர். வாந்திபேதியிலும் மலேரியாவிலும் பசியிலும் அவர்கள் செத்த கதைக்கு இந்தப் படத்தில் இடமே இல்லை.

யாழ்ப்பாணத்தாருக்கு இது தூரத்துக் கதையல்ல. மலாயாவின் ரயில்வேயிலும் அரச கந்தோர்களிலும் வேலைக்குப் போன நம்மவர்கள் ஏராளம். ‘மலாயன் பென்சனியர்’ வீடு இல்லாத ஊர் குடாநாட்டில் அரிது. ஜப்பானியர் மலாயாவைப் பிடித்திருந்த காலத்தில் அந்தக் குடும்பங்களுக்கும் ஊருக்கும் இடையே கடிதப் போக்குவரத்து அறுந்துபோயிருந்தது. உங்கள் வீட்டில் அந்தக் காலப் படமோ, கடிதமோ, பென்சன் புத்தகமோ இருந்தால் படம் பார்க்கும் அன்று எடுத்து வாருங்கள். விடுபட்டவர்களின் கதையை வாசிக்க விரும்புகிறவர்கள் மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவலைத் தேடிப் படிக்கலாம். படத்தையும் நாவலையும் அடுத்தடுத்து வைத்தால்தான் பாலம் முழுதாகத் தெரியும்.

நீளமான படம் என்பதால் நடுவில் 15 நிமிட இடைவேளை கட்டாயம். பிளேன்ரீயும் கச்சானும் அப்போதுதான்.

நான்காம், ஐந்தாம் மாதங்கள்

‘தி கிரேன்ஸ் ஆர் ஃபிளையிங்’ (1957), மிகயில் கலதோசோவ் இயக்கிய சோவியத் படம். 1958 கான் விழாவில் தங்கப்பனை வென்றது. காதலன் போருக்குப் போக, காத்திருக்கும் பெண்ணின் கதை. தத்தியானா சமோய்லோவாவின் கண்களும், ஊருசெவ்ஸ்கியின் கமராவும் மறக்காது. காத்திருப்பவள் தெய்வமாகவே இருக்கவேண்டும் என்ற எதிர்பார்ப்பை இந்தப் படம் மெதுவாக உடைக்கிறது. அதனால் படம் முடிந்ததும் வாக்குவாதம் வரும், வரட்டும்.

‘பாத்ஸ் ஒஃப் குளோரி’ (1957), ஸ்டான்லி குப்ரிக் இயக்கம், கேர்க் டக்ளஸ் நடிப்பு, 88 நிமிடம். முதலாம் உலகப்போரில், முடியாத தாக்குதலுக்கு ஆணையிட்ட பிரெஞ்சு ஜெனரல்கள், அது தோற்றதும் தம் சிப்பாய்களையே கோழைகள் என்று இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்துகிறார்கள். பிரான்ஸில் இந்தப் படம் 1975 வரை திரைக்கு வரவில்லை. கடைசி ஐந்து நிமிடங்களில் யாரையும் எழும்ப விடாதீர்கள்.

ஆறாம் மாதம்: தி பேர்மீஸ் ஹார்ப் (1956)

தோற்ற பக்கத்தின் படம். ஜப்பானிய இயக்குநர் கொன் இச்சிகாவா எடுத்தது. போர் முடிந்து சரணடைந்த படையிலிருந்து மிஸுஷிமா என்ற சிப்பாய் பிரிந்துவிடுகிறான். தோழர்கள் ஊர் திரும்ப ஆயத்தமாக, அவன் பிக்குவின் உடையில் பர்மா முழுவதும் அலைந்து, ஆற்றங்கரையிலும் காட்டிலும் கிடக்கும் பெயர்தெரியாத உடல்களைப் புதைக்கத் தொடங்குகிறான்.

2025இல் செம்மணி – சித்துப்பாத்தி மயானத்து மண்ணிலிருந்து எலும்புக்கூடுகள் வெளிவந்ததைக் கண்ட ஊர் நம்முடையது. இந்தப் படத்தை ஆறாவதாக வைத்ததற்கு அதுதான் காரணம். ஐந்து மாதம் ஒன்றாக இருந்து பார்த்துப் பேசிப் பழகிய கூட்டம்தான் இதைத் தாங்கும். காணாமற்போனவர்களின் குடும்பத்தார் வருவார்கள் என்றால், முதலே அவர்கள் வீட்டுக்குப் போய்க் கதையைச் சொல்லி, வர விருப்பமா என்று கேட்டுவிடவேண்டும். வரவில்லை என்றால் வற்புறுத்தக்கூடாது.

எங்கே, எதை வைத்து?

ஐந்தாறு பேர் என்றால் வீட்டு ரிவியே போதும். மடிக்கணினியிலிருந்து எச்.டி.எம்.ஐ. வயரால் இணைத்தால் சரி. பத்துப் பேரைத் தாண்டினால் புரொஜெக்டர் நல்லது. டியூஷன் நிலையங்களிலும் பாடசாலைகளிலும் அநேகமாக ஒன்று இருக்கும், முறைப்படி கேட்டால் தருவார்கள்.

திரைக்கு நடுவில் தையல் இல்லாத வெள்ளைத் துணி வேண்டும். காற்றில் ஆடாமல் கீழ்ப்பக்கத்தில் ஒரு கம்போ மூங்கிலோ சொருகிக் கட்டுங்கள். 6 அடி அகலத் துணியில் குவாய் பாலம் போன்ற அகலத்திரைப் படம் ஏறத்தாழ இரண்டரை அடி உயரம்தான் பிடிக்கும், பாலட் போன்ற பழைய சதுரப் படம் நாலரை அடி பிடிக்கும். துணி மிச்சமாகத் தெரிகிறதே என்று படத்தை இழுத்து நிரப்பவேண்டாம், முகங்கள் எல்லாம் சப்பையாகிவிடும்.

நாள் பார்ப்பதில் ஒரு நுணுக்கம். போயா லீவு என்று பௌர்ணமி அன்று வைத்தால் நிலவு வெளிச்சத்தில் கறுப்பு வெள்ளைப் படம் வெளிறிப்போகும். தேய்பிறைச் சனிக்கிழமை சிறந்தது. பொழுதுபட்டு நன்றாக இருண்டபின், 7 மணிக்குத் தொடங்கலாம். கோயில் திருவிழா நாட்களையும் பார்த்துக்கொள்ளுங்கள், ஒலிபெருக்கியோடு போட்டிபோட முடியாது. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மாரி, ஆகவே முற்றத்தை விட்டு விறாந்தைக்குள் போய்விடுவோம். நுளம்புத்திரியை இருட்ட முன்னமே கொளுத்திவிடவேண்டும்.

சப்டைட்டில் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் கிடைக்கும். அதற்கு வழி: படத்துக்கு முன் அரைப்பக்கத்தில் கதைச்சுருக்கம் எழுதி, நன்றாக வாசிக்கக்கூடிய ஒருவர் தமிழில் உரக்க வாசிக்கட்டும். முக்கிய காட்சிகளில் படத்தை நிறுத்தி இரண்டு வசனம் விளக்கலாம். ஆங்கிலம் படிக்கும் உயர்தர மாணவர் ஒருவர் கிடைத்தால், சப்டைட்டில் கோப்பை நோட்பாட்டில் திறந்து வரிவரியாகத் தமிழாக்கலாம். சேமிக்கும்போது யு.டி.எஃப். 8 என்ற முறையைத் தெரிவுசெய்யாவிட்டால் தமிழ் எழுத்து கேள்விக்குறிகளாக வரும். எழுத்தும் பேச்சும் பொருந்தாமல் முந்திப் பிந்தி வந்தால், வி.எல்.சி. பிளேயரில் ‘ஜி’, ‘எச்’ எழுத்துகளை அழுத்தி நேராக்கலாம்.

எவ்வளவு செலவாகும்?

பயப்படும் அளவுக்கு இல்லை. இரண்டு சோவியத் படங்களையும் மொஸ்ஃபில்ம் நிறுவனமே தன் யூடியூப் பக்கத்தில் ஆங்கில சப்டைட்டிலுடன் இலவசமாக வைத்திருக்கிறது. அவற்றுக்கு டேட்டா செலவு மட்டுமே. நடுத்தரத் தெளிவில் 1 மணி நேரத்துக்கு அரை ஜிபி முதல் 1 ஜிபி வரை கணக்கு வையுங்கள். ஆங்கில, ஜப்பானியப் படங்களைக் காசு கட்டி வாடகைக்குப் பார்க்கலாம், அல்லது டிவிடி தேடலாம்.

மின்சாரம் மிகச் சிறிய செலவு. 250 வாட் புரொஜெக்டரும் 50 வாட் ஸ்பீக்கரும் 3 மணி நேரம் ஓடினால் 1 யூனிட்டுக்கும் குறைவு. திரைத்துணி ஒருமுறை வாங்கினால் ஆறு மாதமும் அதற்கு மேலும் வரும். உண்மையில் காசு போவது புரொஜெக்டர் வாடகைக்கும் தேநீருக்கும்தான். இரவல் புரொஜெக்டர் கிடைத்தால் முதற்செலவு போய்விடும், வீட்டுக்கு ஒரு பலகாரம் என்று பிரித்தால் இரண்டாவதும் போய்விடும். வாடகைக்கு எடுப்பதானால், பல்பு போனால் யார் பொறுப்பு என்பதை எடுக்கும்போதே பேசிக்கொள்ளுங்கள்.

கவனம்!

சத்தம்தான் முதலாவது. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் போரால் இடம்பெயர்ந்து, அரியாலை ஊடாகப் போகும் இந்தக் கண்டி வீதியால்தான் நாவற்குழிப் பாலத்தை நோக்கி மழையில் நடந்தது. அன்று நடந்தவர்கள் நம்மோடு இருந்து படம் பார்க்கிறார்கள். ‘கிரேன்ஸ்’ படத்தில் விமானக் குண்டுவீச்சு வருகிறது, ‘பாலட்’ படத்தில் ரயில் குண்டுபட்டு எரிகிறது. அந்த இடங்கள் வரும் முன்னமே சொல்லிவிட்டு ஒலியைக் குறையுங்கள். எழுந்து போக விரும்புகிறவர் யாரையும் தாண்டாமல் போக, ஓரத்தில் சில கதிரைகள் வையுங்கள். அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் முதல்நாளே அறிவித்துவிடுங்கள், இரவில் திடீரென வெடிச்சத்தம் கேட்டால் எந்த வீட்டிலும் நெஞ்சு பதறும்.

ரிக்கற் போட வேண்டாம். காசு வாங்கிப் பொதுவில் காட்டுவதற்கு உரிமையாளரின் அனுமதி தேவை. வீட்டளவிலான சிறு கூட்டமாகவே வைத்திருப்போம். சனசமூக நிலையத்தில் நடத்துவதானால் முதலில் நிர்வாகத்திடம் கேட்டு, அனுமதி பற்றியும் விசாரித்துக்கொள்வது நல்லது.

லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் சொந்தக்காரர் டிவிடி கொண்டுவருவார்கள். லண்டன் டிவிடி வலயம் 2, கனடா டிவிடி வலயம் 1, நம் நாடு வலயம் 5. வீட்டு பிளேயர் அதை எடுக்காமல் போகலாம். கணினியில் வி.எல்.சி. பெரும்பாலும் ஓட்டிவிடும், ஆனாலும் ஆட்கள் வருவதற்கு முதல்நாளே முழுதாகப் போட்டுப் பாருங்கள். பழைய கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வர்ணம் பூசிய பிரதி கிடைத்தால் அதைத் தவிர்த்துவிடுங்கள். இந்தப் படங்களின் ஒளியும் நிழலும் கறுப்பு வெள்ளைக்காகவே அமைக்கப்பட்டவை.

‘தி கன்ஸ் ஒஃப் நவரோன்’ (1961), ‘தி கிரேட் எஸ்கேப்’ (1963) பற்றி யாராவது கேட்பார்கள். யாழ்ப்பாணம் ரீகல் தியேட்டரில் ஆங்கிலப் படம் பார்த்துப் பழகிய தலைமுறை அவற்றை ஆசையோடு சொல்லும். இரண்டும் விறுவிறுப்பான படங்கள், நானும் விரும்பிப் பார்ப்பவை. ஆனால் அவற்றில் தொடங்கினால் பிள்ளைகளுக்குப் போர் ஒரு சாகச விளையாட்டாகப் பதிந்துவிடும். ஆறு படமும் முடியட்டும், பிறகு பார்ப்போம்.

ஆறும் முடிந்தபின்

தாகம் இன்னும் இருந்தால் இரண்டு வழி. மசாகி கொபயாஷியின் ‘தி ஹியூமன் கண்டிஷன்’ (1959–61) மூன்று பாகமாக ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓடும். பாடசாலை விடுமுறையில் மூன்று இரவுகளாகப் பிரித்துப் பார்க்கலாம்.

மற்றது கிட்டுல்கலைப் பயணம். கண்டி வீதியால் கண்டிக்குப் போய், பேராதனைப் பூங்காவில் இறங்கிப் படத்தில் கண்ட மரங்களைப் பார்த்துவிட்டு, நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியாகக் கிட்டுல்கலைக்கு இறங்கலாம். பாலம் இப்போது இல்லை, அதைத் தாங்கிய கொங்கிறீற் அடித்தளத்தின் மிச்சத்தை ஆற்றங்கரையில் காணலாம். கரைக்கு இறங்கும் பாதை வழுக்கும், ஆகவே பிடிமானமான சப்பாத்து போடுங்கள். வான் வாடகையைத் தலைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பிரித்துச் சேர்த்துக்கொண்டு, இரவு கண்டியில் தங்குவதாகத் திட்டமிடுவோம். வைகாசிக்குப் பிறகு அந்தப் பக்கம் மழை பிடித்து ஆறு பெருகும். தை, மாசியில் போய் வருவதுதான் வசதி.